துவக்க ஏற்றி நிறுவப்படும் இடம் (லினக்ஸ்)

துவக்க ஏற்றி என்பது கணினியை இயக்கியவுடன் இயங்குதளத்தின் கருவை நினைவகத்தில் ஏற்றும் சிறு மென்பொருள் ஆகும். லினக்ஸ் வழங்கல்களில் முன்பு லிலோ பரவலாகப் பயன்பட்டது; அதன் உருவாக்கம் 2015 இல் நிறுத்தப்பட்டது. இன்று பெரும்பாலான வழங்கல்கள் கிரப் 2 ஐப் பயன்படுத்துகின்றன. ஒரே கணினியில் வேறோர் இயங்குதளமும் இருப்பின், துவக்க ஏற்றியை எங்கு நிறுவுவது என்பதே நிறுவலின்போது பயனரை மிகவும் குழப்பும் கேள்வியாகும்.

பயாஸ் முறை

பழைய பயாஸ் முறையில் வன்தட்டின் முதல் 512 பைட்டுகள் முதன்மைத் துவக்கப் பதிவு எனப்படும். இதில் துவக்க நிரலுக்கு 446 பைட்டுகளும், பிரிவு அட்டவணைக்கு 64 பைட்டுகளும், அடையாளத்துக்கு 2 பைட்டுகளும் ஒதுக்கப்பட்டுள்ளன. கிரப் தன் முதற்பகுதியை மட்டும் இங்கு எழுதி, அடுத்த பகுதியை முதல் பிரிவுக்கு முன்னுள்ள வெற்றிடத்தில் வைக்கிறது.

ஒரு வன்தட்டுக்கு இத்தகைய பதிவு ஒன்றே உண்டு. எனவே லினக்சுக்குப் பின் விண்டோசை நிறுவினால் கிரப் அழிந்து, லினக்ஸ் காணாமற்போனது போல் தோன்றும். உண்மையில் லினக்ஸ் பிரிவில் உள்ள கோப்புகள் அழிவதில்லை. நிகழ்வட்டிலிருந்து கணினியைத் தொடங்கிக் கிரப்பை மீண்டும் நிறுவினால் போதும். இதனை அறியாமல் அப்பிரிவை வடிவூட்டம் செய்தால்தான் கோப்புகள் இழக்கப்படும்.

லினக்ஸ் பிரிவின் தொடக்கத்திலும் கிரப்பை நிறுவலாம். ஆயினும் எக்ஸ்ட் 4 கோப்பு முறைமை அங்கு 1024 பைட்டுகளையே ஒதுக்குவதால், எஞ்சிய பகுதியின் வட்டு முகவரிகளைக் கிரப் குறித்துவைக்க நேர்கிறது. அக்கோப்பு இடம் மாறினால் கணினி தொடங்காது. எனவே இம்முறை நம்பகமற்றது என்று கிரப் 2 எச்சரிக்கிறது.

நிறுவிகளின் அணுகுமுறை

டெபியன் நிறுவி இதனைத் தனிக் கேள்வியாகக் கேட்கிறது. ஓப்பன்சூசேயின் யாஸ்ட் நிறுவி இடத்தைத் தெரிவுசெய்ய விரிவான விருப்பங்களைத் தந்தது. பெடோரா 18 இல் (2013) நிறுவி மறுவடிவமைக்கப்பட்டபோது, பிரிவில் நிறுவும் விருப்பம் நீக்கப்பட்டது. உபுண்டுவின் முந்தைய நிறுவியான யுபிக்விட்டியில் இத்தெரிவு, பிரிவுகளைக் கைமுறையில் அமைக்கும் திரையின் அடியில் இருந்தது. வெளிவன்தட்டில் உபுண்டுவை நிறுவுபவர் இதனைக் கவனிக்காவிடில், கிரப் உள்வன்தட்டில் எழுதப்படும். பின்னர் வெளிவன்தட்டைக் கழற்றினால், உள்வன்தட்டில் ஏற்கனவே இருந்த இயங்குதளமும் தொடங்காமற் போகும்.

யூஇஎஃப்ஐ முறை

யூஇஎஃப்ஐ கணினிகளில் ஒவ்வோர் இயங்குதளத்தின் துவக்க ஏற்றியும் பொதுவானதொரு பிரிவில் தனித்தனி அடைவில் வைக்கப்படுகிறது. இதனால் ஒன்றை மற்றொன்று அழிக்க வேண்டியதில்லை. எது முதலில் தொடங்கும் என்ற வரிசை மட்டுமே மாறுகிறது. எனினும் பிற இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலில் சேர்க்கும் வசதி, பாதுகாப்புக் காரணங்களால் கிரப் 2.06 இல் (2021) இயல்பாக நிறுத்தப்பட்டது. சில வழங்கல்கள் அதனை மீண்டும் இயக்கியுள்ளன. எனவே கிரப்பின் பட்டியலில் விண்டோஸ் காணப்படாதது, அது அழிந்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது.