கேளாத சேவைக்குக் கட்டணம்: பொறுப்பு யாருடையது?



எங்கள் கொள்ளேகாலுக்கு இன்றுவரை ரயில் வரவில்லை. ஆனால் செல்போன் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. 1956-ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்படும் வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்த வட்டம் இது. பின்னர் மைசூர் மாவட்டத்தோடு இணைந்து, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் வீட்டில் தமிழும் கடைவீதியில் கன்னடமும் பேசுவோர் பலர். செல்போனில் வரும் கம்பெனிச் செய்திகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. இந்த இடைவெளியில்தான் பணம் பறிபோகிறது.

ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், "இதைக் கொஞ்சம் பாருங்க சார்" என்று அக்கம்பக்கத்தார் செல்போனை என்னிடம் நீட்டுவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், பட்டு நூல் இழைக்கும் வேலைக்குப் போகும் அம்மையார் ஒருவர் வந்தார். திருப்பூரில் இருக்கும் மகனோடு பேசுவதற்காகப் போட்ட ரீசார்ஜ் பணத்தில் முப்பது ரூபாய் மறுநாளே குறைந்திருந்தது. யாரோ ஒரு நிறுவனம் அனுப்பும் ஜோதிடக் குறுஞ்செய்திக்கு அவர் 'சந்தாதாரர்' ஆகியிருந்தார். வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினோம். "அது வெளி நிறுவனத்தின் சேவை, நாங்கள் பொறுப்பல்ல" என்று பதில் வந்தது. அந்த அம்மையார் என்னிடம் கேட்டார்: "நான் கேக்கவே இல்லீங்களே, காசை எடுத்தது இவங்கதானுங்களே?" சட்டம் படித்தவர்கள் பல பக்கங்களில் எழுதுவதை அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். காலர் டியூன், ஜோதிடம், கிரிக்கெட் செய்தி, நகைச்சுவைத் துணுக்கு போன்றவற்றை 'மதிப்புக் கூட்டுச் சேவை' என்று சொல்வார்கள். இவற்றைத் தயாரிப்பது பெரும்பாலும் வேறொரு நிறுவனம். ஆனால் அந்த நிறுவனத்துக்கு உங்கள் வீடும் தெரியாது, பணப்பையும் தெரியாது. உங்கள் கணக்கு செல்போன் கம்பெனியிடம் இருக்கிறது. "இந்த எண்ணுக்கு இவ்வளவு கழியுங்கள்" என்று அந்த நிறுவனம் சொல்ல, கம்பெனி கழித்துக்கொண்டு, தன் பங்கை வைத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறது.

நம் தலைமுறைக்கு வி.பி.பி. தபால் தெரியும். தபால்காரர் பார்சலைக் காட்டி, "வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார். வேண்டாம் என்றால் பார்சல் திரும்பிப் போகும். அதே தபால்காரர் நாம் தூங்கும்போது சட்டைப்பையில் கைவிட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு, "அனுப்பியவரைக் கேளுங்கள்" என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

சம்மதம் என்ற பெயரில் நடப்பவை பலவிதம். திடீரென்று திரையில் ஒரு கட்டம் தோன்றும். அதை மூடுவதற்காக 'ஓகே'யை அழுத்தினால் சந்தா தொடங்கிவிடும். பதிவு செய்த குரல் ஒன்று பேசி ஒரு எண்ணை அழுத்தச் சொல்லும். குழந்தை விளையாட்டாக அழுத்தினாலும் அது சம்மதமாகிவிடும். எழுத்தறியாதவரும் முதியவரும்தான் இதில் எளிதில் சிக்குகிறார்கள்.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் உள்ள நம் பிள்ளைகளும் அறிந்த டி-மொபைல் நிறுவனத்தின் மீது அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 2014 ஜூலையில் வழக்குத் தொடுத்தது. ஜோதிடம், நடிகர் நடிகையர் பற்றிய வம்புச் செய்திகள் போன்றவற்றுக்கு, கேளாத வாடிக்கையாளரிடமும் மாதம் 9.99 டாலர் என்ற அளவில் வசூலிக்கப்பட்டது என்பது புகார். இத்தகைய வசூலில் 35 முதல் 40 சதவீதம் வரை கம்பெனிக்கே போனது என்றும் ஆணையம் கூறியது. அந்த ஆண்டு டிசம்பரில் குறைந்தது 9 கோடி டாலர் கொடுப்பதாக உடன்பாடு ஏற்பட்டது. அதற்கு முன் அக்டோபரில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 10.5 கோடி டாலருக்கு உடன்பட்டது. அதில் 8 கோடி வாடிக்கையாளருக்குத் திருப்பித் தருவதற்கு. 'வெளி நிறுவனம் செய்தது' என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை.

நம் நாட்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2011 ஜூலையில் இதில் தலையிட்டது. 2013 ஜூலை 10-இல் மேலும் கடுமையான உத்தரவு வந்தது. அதன்படி இத்தகைய சேவையைத் தொடங்க வாடிக்கையாளரின் ஒப்புதல் இருமுறை பெறப்பட வேண்டும். இரண்டாவது ஒப்புதலைப் பெறும் அமைப்பு, சேவையை விற்பவரின் கையில் இருக்கக் கூடாது.

ரயில்வேக்காரனுக்கு இது புதிதல்ல. ஒற்றைப் பாதையில் வண்டியை அனுப்ப வேண்டுமானால் அடுத்த நிலையத்திடம் 'லைன் கிளியர்' கேட்க வேண்டும். அந்த நிலையத்தார் தம் கருவியில் ஒப்புதல் தந்தால்தான் இந்த நிலையத்துக் கருவியிலிருந்து பந்து வடிவ டோக்கன் வெளியே வரும். அனுப்புகிறவர் தாமே கேட்டுத் தாமே ஒப்புதல் தந்துகொள்ள முடியாதபடி கருவி அமைந்திருக்கிறது. அதை மீறினால் விபத்து உயிரைக் குடிக்கும். இங்கே மீறினால் ஏழையின் காசு போகும். பாதுகாப்பின் தத்துவம் ஒன்றேதான்.

பொறுப்பு என்ற கேள்வியில் முக்கியமான திருப்பம் 2022-இல் வந்தது. அகமதாபாத்தைச் சேர்ந்த வோடபோன் வாடிக்கையாளர் ஒருவருக்கு மாதம் சராசரியாக 555 ரூபாய் பில் வருவது வழக்கம். 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரையிலான காலத்துக்கு 24,609 ரூபாய் 51 காசு பில் வந்தது. அவர் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். தந்திச் சட்டத்தின் 7-பி பிரிவின்படி மத்தியஸ்தத்துக்குத்தான் போக வேண்டும், நுகர்வோர் மன்றம் விசாரிக்கக் கூடாது என்று கம்பெனி வாதாடியது. 2022 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நுகர்வோர் மன்றம் தாராளமாக விசாரிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'சேவை' என்பதில் தொலைத்தொடர்பையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆகவே நம் மாவட்டத் தலைநகரிலேயே வழக்கைப் பதியலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு மன்றக் கட்டணமும் கிடையாது.

தமிழில் செய்தி அனுப்புவோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடங்கள். தமிழில் 70 மட்டுமே. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி இடமாகக் கணக்கிடப்படும். 'வணக்கம்' நமக்கு ஐந்தெழுத்து, கணக்கில் ஏழு. ஆகவே நான்கு வரிக் கல்யாண வாழ்த்து இரண்டு மூன்று செய்திகளாகக் கழிக்கப்படலாம். இது மோசடியன்று; தொழில்நுட்பத்தின் அமைப்பு. எது கணக்கு, எது களவு என்று பிரித்தறிந்தால்தான் புகாருக்கு வலு இருக்கும்.

இனி, பணம் காரணமின்றிக் குறைந்தால் செய்ய வேண்டியவை:

1. கேளாத சேவையை நிறுத்த 155223 என்ற கட்டணமில்லா எண்ணைப் பயன்படுத்துங்கள். சேவை தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் "என் சம்மதமின்றித் தொடங்கினீர்கள்" என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். 2013 உத்தரவு தரும் உரிமை அது.

2. புகார் செய்தால் பதிவு எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள். பதில் திருப்தி தராவிட்டால் 30 நாட்களுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

3. பிரிபெய்டு வாடிக்கையாளரும் கணக்கு விவரம் கேட்டுப் பெறலாம். அதற்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. ரயில்வேயில் பதிவேடு பேசுவதுபோல் வாய் பேசாது. ஆகவே எழுத்தில் வாங்குங்கள்.

4. விளம்பரச் செய்திகளைத் தடுக்க 1909. இது வேறு, 155223 வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். வழிகாட்டலுக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

5. எதற்கும் மசியாத கம்பெனியை விட்டு, எண்ணை மாற்றாமலே வேறு கம்பெனிக்குப் போகலாம். அதற்காக 1900-க்கு அனுப்பும் குறுஞ்செய்தியை, எந்த ரீசார்ஜ் திட்டத்தில் இருந்தாலும் அனுமதிக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டிருக்கிறது.

முப்பது ரூபாய்க்காக இவ்வளவு அலைச்சலா என்று சிலர் கேட்கலாம். ஒருவருக்கு முப்பது ரூபாய். ஒரு லட்சம் பேரிடம் எடுத்தால் முப்பது லட்சம். 'சின்னத் தொகைதானே' என்று நாம் விட்டுவிடுவதை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. சம்மதம் இருந்தது என்று காட்ட வேண்டியவர் பணத்தைக் கழித்தவரே. இல்லை என்று நிரூபிக்கும் பாரத்தைப் படிப்பறியாத ஒரு தாயின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.

நம் சங்கத்து இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, அண்டை வீட்டுப் பெரியவர்களின் செல்போனை வாங்கி, அவர்களை அறியாமல் ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளை நிறுத்திக் கொடுத்தால் அது பெரும் தொண்டாகும். கன்னடமும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. அந்தப் படிப்பின் முதல் பலன் வீட்டுப் பாட்டிக்குக் கிடைக்கட்டும்.