கோயில் மரபும் நினைவுச்சின்னமும்: வை. கணபதி ஸ்தபதியின் கட்டடக்கலை

கோயில் எழுப்புபவருக்கு முன்னே இலக்கணம் இருக்கிறது. கருவறையில் எழுந்தருளும் மூலவரின் உயரத்துக்கும் கருவறை வாயிலின் அளவுக்கும் அதன்மேல் எழும் விமானத்தின் அளவுக்கும் உள்ள உறவைச் சிற்ப நூல்களும் ஆகமங்களும் வகுத்து வைத்திருக்கின்றன. ஒரு மனிதருக்கு எழுப்பப்படும் நினைவுச்சின்னத்துக்கோ அத்தகைய இலக்கணம் எதுவும் கிடையாது. அங்கே கோயிலின் உறுப்புகளை அப்படியே எடுத்தாண்டால் வழிபாடு இல்லாத போலிக் கோயிலாகிவிடும், முற்றிலும் விலக்கினால் காண்போருக்கு மரபோடுள்ள தொடர்பு அறுந்துவிடும். இந்த இரண்டுக்கும் இடையே ஒரு வழியைத் தேடியதே வை. கணபதி ஸ்தபதியின் (1927–2011) தொழில்வாழ்வைத் தமிழகக் கட்டடக்கலை வரலாற்றில் தனித்து நிறுத்துகிறது.

ஸ்தபதி என்பவர் கோயிலின் திட்டத்தை வகுத்து, அளவுகளைக் கணக்கிட்டு, சிற்பிகளை நெறிப்படுத்திப் பணியை முடித்துத் தருபவர். கட்டடக் கலைஞர், பொறியாளர், சிற்பி ஆகிய மூவரின் பொறுப்பும் அவரிடம் சேர்ந்திருக்கும். கணபதி ஸ்தபதி பிள்ளையார்பட்டியில் சிற்பக்குடும்பம் ஒன்றில் பிறந்து, தந்தை வைத்தியநாத ஸ்தபதியிடம் குலத்தொழிலைக் கற்றதோடு, காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதமும் பயின்றார். பழனி முருகன் கோயிலில் ஸ்தபதியாகப் பணியாற்றிய பின், தந்தை தலைமையேற்று நடத்திய மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியின் பொறுப்பை 1961இல் ஏற்று, 1988 வரை அதை வழிநடத்தினார். தந்தையிடமிருந்து மகனுக்கு என்று குடும்பங்களுக்குள் கைமாறி வந்த தொழிலறிவு, பாடத்திட்டமும் வகுப்பறையும் கொண்ட கல்வியாக மாறியதில் அக்கல்லூரிக்குப் பெரும் பங்குண்டு.

அவருடைய கணிதப் பயிற்சிக்கும் குலத்தொழிலுக்கும் இருந்த பிணைப்பை அறிய, மரபுச் சிற்பிகளின் அளவுமுறையைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. எட்டு யவை சேர்ந்தது ஓர் அங்குலம், இருபத்துநான்கு அங்குலம் சேர்ந்தது ஒரு முழம் என்று தொடங்கும் அந்த முறையில், உருவங்களின் உயரம் முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்ட தாலம் என்னும் அளவால் தீர்மானிக்கப்படுகிறது. கட்டடங்களுக்கு ஆயாதி என்னும் கணக்கு உண்டு. கட்டடத்தின் அளவைக் குறிப்பிட்ட எண்களால் பெருக்கியும் வகுத்தும் எஞ்சுகின்ற மீதியைக் கொண்டு, அந்த அளவு பொருத்தமானதா என்று முடிவு செய்வார்கள். ஆகவே மரபுச் சிற்பியைப் பொறுத்தவரை எண் என்பது வடிவத்தை அளக்கும் கருவி மட்டுமன்று, வடிவம் பிறப்பதற்கே அதுதான் மூலம்.

இந்த எண்ணமே அவருடைய நினைவுச்சின்னங்களில் புதிய பயன் பெற்றது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டத்தில், திருவாரூர் ஆழித்தேரை முன்மாதிரியாகக் கொண்டு நூறு அடிக்கு மேல் உயர்ந்த கல்தேர் எழுந்தது. தேர் கோயிலுக்குரியதே ஆயினும், ஊர் முழுவதற்கும் பொதுவாக வீதியில் உலா வருவது. கருவறையின் தனிமையோ நுழைவுக் கட்டுப்பாடுகளோ அதற்கு இல்லை. சமயச் சார்பின்றி எல்லாராலும் போற்றப்படும் திருக்குறளின் ஆசிரியரை அமர்த்துவதற்கு விமானத்தை விடுத்துத் தேரைத் தேர்ந்தது, மரபுக்குள்ளிருந்தே மரபின் பொதுமையான பகுதியை இனங்கண்ட தேர்வு. அரங்கை ஒட்டிய மாடத்தில் 1330 குறட்பாக்களும் கல்லில் பொறிக்கப்பட்டிருப்பதால், நடந்து சுற்றிவருபவர் நூலையே வலம் வருபவராகிறார்.

கன்னியாகுமரிக் கடற்பாறையில் 2000ஆம் ஆண்டு சனவரி 1 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையில் அந்தத் தேடல் மேலும் ஒரு படி முன்னேறியது. திருக்குறள் அதிகாரங்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் 133 அடி மொத்த உயரத்தில், அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு ஈடாக 38 அடி பீடமும், பொருட்பாலின் 70, இன்பத்துப்பாலின் 25 ஆகிய இரண்டும் சேர்ந்த 95க்கு ஈடாக 95 அடி உருவமும் அமைந்தன. அறத்தின் மீது நின்றே பொருளும் இன்பமும் எய்தப்பட வேண்டும் என்ற கருத்து, எழுத்தில் சொல்லப்படாமல் அளவாலேயே உணர்த்தப்படுகிறது. ஏறத்தாழ 7000 டன் கருங்கல்லைக் கொண்டு எழுந்த இவ்வுருவத்தின் உள்ளே மேலிருந்து கீழாக வெற்றிடம் விடப்பட்டுள்ளது. உடலின் நடுவே செல்வதாகச் சிற்ப நூல்கள் கூறும் காயமத்திய சூத்திரம் என்னும் கற்பனைக் கோட்டில் கல் அமையலாகாது என்பதே அதன் காரணம். அக்கோட்டை முன்கூட்டியே அறிவதற்காக மரத்தில் மாதிரி ஒன்றும் செய்யப்பட்டது. இடுப்பில் சிறிது ஒசிந்து நிற்கும் அந்த நெடிய உருவத்தை 2004 திசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது சிலை நிலைகுலையாமல் நின்றது.

கோயிற்பணியில் அவர் இதற்கு நேர் எதிரான சோதனையைச் சந்தித்தார். ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கவாயில் உள்ள சைவ மடத்துக்காக அவர் வடிவமைத்த ‘இறைவன்’ என்னும் பெயருடைய கோயிலுக்குரிய வெள்ளைக் கருங்கற்கள், பெங்களூருக்கு அருகே கையுளியால் செதுக்கப்பட்டுக் கடல் கடந்து சென்றன. நினைவுச்சின்னத்தில் பழைய உறுப்புகளுக்குப் புதிய பொருள் தந்தவர், இங்கே புதிய நாட்டில் பழைய இலக்கணத்தைச் சிறிதும் தளர்த்தாமல் சோழர்காலப் பாணியைப் பின்பற்றினார். கல் வேலைக்கு எந்திரத்தை ஏற்காத அக்கோயில், அடித்தளத்துக்கு மட்டும் நிலக்கரிச் சாம்பல் கலந்த நவீனக் கான்கிரீட்டை ஏற்றுக்கொண்டது. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 2023இல் அக்கோயிலின் குடமுழுக்கு நடந்தது.

மயன் என்னும் தொன்மச் சிற்பியின் அறிவே இந்தக் கலைக்கு ஊற்று என்று நம்பிய அவர், அந்த மயனை நடு அமெரிக்காவின் மாயா நாகரிகத்தோடு தொடர்புபடுத்தியும் எழுதினார். அக்கருத்தை வரலாற்று ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கவில்லை. இந்திய அரசு 2009இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. எனினும் அவருடைய இடத்தை நிறுவுவது அந்தக் கருதுகோளோ விருதோ அன்று. வழிபாட்டுக்கென வகுக்கப்பட்ட அளவு இலக்கணத்தைக் கொண்டு, கடவுளைக் குறிக்காத ஒரு கருத்தையும் கல்லில் சொல்லிவிட முடியும் என்று செய்து காட்டியதே அவருடைய பங்களிப்பு. அந்த இலக்கணம் வெறும் பழக்கமாகச் சுருங்காமல், புதிய தேவைகளுக்கு விடை தரும் அறிவாகத் தொடர்வதற்கு அவருடைய நினைவுச்சின்னங்களே தக்க சான்று.