செயற்கை இடுப்பு மூட்டு: வெற்றி எப்போது தெரியும்?

தொடை எலும்பின் உருண்ட தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் சுழல்வதால்தான் நாம் நடக்கிறோம், உட்காருகிறோம். இடையிலுள்ள குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால் எலும்போடு எலும்பு உரசும்; நடையோடு தூக்கமும் கெடும். தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டைப் பொருத்தும் சிகிச்சைக்கு உறுதியான அடித்தளமிட்டவர், இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனை மருத்துவர் ஜான் சார்ன்லி.

1950களின் பிற்பகுதியில் அவர் செயற்கைக் கிண்ணத்தை டெஃப்லானில் செய்தார். வழவழப்பான பொருள் அது. நோயாளிகள் வலியில்லாமல் நடந்தார்கள். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் கிண்ணம் தேய்ந்தது. உதிர்ந்த துகள்கள் கிளப்பிய அழற்சி சுற்றியிருந்த எலும்பை அரித்தது. ஏறக்குறைய 300 மூட்டுகள். பெரும்பாலானவற்றுக்கு மறு அறுவை தேவைப்பட்டது.

சார்ன்லி தோல்வியை மறைக்கவில்லை. டெஃப்லானைத் தன் தொடைக்குள்ளேயே வைத்துச் சோதித்து, அது உண்டாக்கிய பாதிப்பை மருத்துவ இதழில் எழுதினார். 1962இல் அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன், ஒரு விற்பனையாளர் கொண்டுவந்த பாலிஎத்திலீன் துண்டைத் தேய்மான இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட இது மூன்று வாரத்தில் தேயவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே பாலிஎத்திலீன் கிண்ணம் பயன்பாட்டுக்கு வந்தது. 22 மில்லிமீட்டர் எஃகுத் தலை, எலும்பில் பிடிப்புக்கு அக்ரிலிக் சிமெண்ட்: இந்த அமைப்பு பலருக்கு 25 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது.

அடுத்த எதிரி கிருமி. வடிகட்டிய காற்று தொடர்ந்து பாயும் தனி அறை, உடலை முழுதும் மூடும் அங்கி ஆகியவற்றைச் சார்ன்லி கொண்டுவந்தார். சுமார் 7 சதவீதமாக இருந்த நோய்த்தொற்று, பத்தாண்டுகளில் 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

அறுவை அரங்கில் தெரிவது பாதி வெற்றிதான். மீதியைச் சொல்ல ஆண்டுகள் வேண்டும். அதனால்தான் ஸ்வீடன் 1979இல் இடுப்பு மூட்டுகளுக்குத் தேசியப் பதிவேடு தொடங்கியது. 2010இல் ஏஎஸ்ஆர் என்ற உலோக மூட்டு உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டதற்கும், அது சீக்கிரமே பழுதாவதை ஆஸ்திரேலியா, பிரிட்டன் பதிவேடுகள் காட்டிக்கொடுத்ததே காரணம்.

மூட்டு மாற்று சிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பொருத்திய மூட்டின் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லி வாங்குங்கள், பத்திரமாக வையுங்கள். வலி இல்லாவிட்டாலும், மருத்துவர் சொன்ன தேதியில் போய் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள்.