அறுபதாயிரம் யூனிட்டும் இளம் எலும்பும்

ஒரு கிராம் வைட்டமின் டி கையில் இருந்தால் ஒரு மனிதருக்கு 180 ஆண்டுகளுக்குப் போதும். நாளொன்றுக்கு நமக்கு வேண்டியது 600 யூனிட், அதாவது வெறும் 15 மைக்ரோகிராம். வாரத்துக்கு ஒன்று என்று மருந்துக் கடையில் கொடுக்கிறார்களே, அந்த 60,000 யூனிட் மாத்திரையில்கூட வைட்டமின் ஒன்றரை மில்லிகிராம்தான். மீதியெல்லாம் எண்ணெயும் உறையும். இத்தனை சொற்ப அளவில் உடலை ஆட்டிவைக்கும் ஒரு பொருளைப் பத்து மடங்கு கூட்டிக் கொடுத்தால் என்ன ஆகும்? அதுவும் எச்.ஐ.வி.யோடு பிறந்து, தினம் தவறாமல் மருந்து விழுங்கியே வளர்ந்த பிள்ளைகளுக்கு?

கொடுத்துப் பார்க்க வேண்டிய தேவை மருத்துவர்களுக்கு இருந்தது. எலும்பு தன் வலுவின் பெரும்பகுதியைச் சேர்த்துக்கொள்வது இருபது வயதை ஒட்டிய பருவத்துக்குள். அதன் பிறகு சேமிப்பு குறைவு, வயது ஏற ஏறச் செலவுதான் அதிகம். எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளுக்கு அந்தச் சேமிப்புக் காலத்திலேயே இரண்டு பக்கமும் இழப்பு. எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து, வைட்டமின் டி-யைச் சிதைக்கும் நொதிகளைக் கல்லீரலில் முடுக்கிவிடும். டெனோஃபோவிர் என்ற இன்னொரு மருந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தொட்டு, எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட்டைச் சிறுநீரில் கசியவிடக்கூடும். பாராதைராய்டு ஹார்மோனையும் ஏற்றிவிடும். அந்த ஹார்மோன் கூடினால் எலும்பிலிருந்து கால்சியம் உருவப்படும். உயிரைக் காக்கும் மருந்துகள் இவை, சிகிச்சையை நிறுத்தவே முடியாது. ஆகவே வைட்டமினைக் கூட்டிப் பார்ப்போம் என்று இறங்கினார்கள்.

அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த வரிசையில் முக்கியமானது. எட்டு வயது முதல் 24 வயது வரையுள்ள 44 பேர். ஒரு பிரிவுக்குத் தினம் 4,000 யூனிட், மற்றதற்கு 7,000. அந்நாட்டில் ஒன்பது வயதுக்கு மேற்பட்டோர் தாண்டக் கூடாது என்று வைத்திருந்த எல்லையே 4,000தான். ஒரு பிரிவு எல்லைக்கோட்டிலேயே நின்றது, இன்னொன்று ஏறத்தாழ இரு மடங்குக்குப் போனது. 12 வாரம் கழித்துப் பார்த்தபோது ரத்தத்தில் கால்சியம் அபாய அளவுக்கு ஏறியிருக்கவில்லை. வைட்டமின் அளவு ஏறியது, 7,000 எடுத்தவர்களுக்குக் கூடுதலாகவே ஏறியது.

கால்சியத்தை ஏன் பார்த்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மிகையான வைட்டமின் டி நேராக நஞ்சாவதில்லை, கால்சியத்தின் வழியாகத்தான் கெடுக்கிறது. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு எட்டரை முதல் பத்தரை மில்லிகிராம் வரை, அவ்வளவு குறுகலான வரம்புக்குள் கால்சியம் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு. வைட்டமின் டி கொழுப்பில் கரைந்து தங்கும் பொருள் என்பதால் மாத்திரையை நிறுத்திய மறுநாளே இவை தீர்ந்துவிடாது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும்.

பெரும்பாலோருக்கு இது நேராமல் காப்பது சிறுநீரகம். தோலிலோ மாத்திரையிலோ வரும் வைட்டமினைக் கல்லீரல் முதலில் ஒரு சேமிப்பு வடிவமாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. பரிசோதனைக் கூடத்தில் அளப்பது இதைத்தான். இது குதிரில் கிடக்கும் நெல் என்றால், வீட்டுக்கு இன்றைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை மட்டும் எடுத்துக் குத்தி அரிசியாக்கி, அதாவது செயல் வடிவமாக்கித் தருவது சிறுநீரகம். குதிர் நிறைந்திருப்பதாலேயே அது கூடுதலாகக் குத்தாது.

காசநோயில் இந்தக் காவல் உடைகிறது. நுரையீரலில் கிருமியைச் சூழ்ந்து நிற்கும் வெள்ளணுக்களும் வைட்டமினைச் செயல் வடிவத்துக்கு மாற்றவல்லவை. கிருமியைக் கொல்லும் போராட்டத்தில் அதுவும் ஓர் ஆயுதம். ஆனால் அவை சிறுநீரகத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை அல்ல, போதும் என்று நிறுத்தவும் தெரியாது. அப்படிப்பட்ட உடலுக்குள் பெரிய அளவு வைட்டமின் டி போனால் கால்சியம் எகிற இடமுண்டு. எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் தாக்கும் தொற்று காசநோய்தான் என்பதை நினைத்தால், பிலடெல்பியாவில் கிடைத்த நல்ல முடிவை அப்படியே எல்லா ஊருக்கும் பொருத்திவிட முடியாது என்பது விளங்கும்.

இன்னொன்று, 44 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. நூற்றில் ஆறேழு பேருக்கு வரக்கூடிய கேடாக இருந்தால்கூட அத்தனை பேரில் ஒருவரிடமும் தென்படாமல் போகலாம். பின்னர் வந்த ஆய்வுகள் அந்த ஐயத்தைக் கொஞ்சம் குறைத்தன. டெனோஃபோவிர் எடுக்கும் 16 முதல் 24 வயதுள்ள 200-க்கும் மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் ஒரு பிரிவுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை 50,000 யூனிட் வீதம் 48 வாரம் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் முதுகெலும்பின் அடர்த்தி சற்றே கூடியது. ஆப்பிரிக்காவில் தான்சானியாவின் தார் எஸ் ஸலாமில் எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்கிய சுமார் 4,000 பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. கேடு இல்லை. ஆனால் இறப்பும் குறையவில்லை, காசநோயும் குறையவில்லை. பாதுகாப்பானது என்பது ஒரு விடை, பயனுள்ளது என்பது வேறொரு விடை. வைட்டமின் விளம்பரங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றன.

கொடுக்கும் முறையும் முக்கியம். ஆஸ்திரேலியாவில் எழுபது வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே தடவை 5 லட்சம் யூனிட் கொடுத்தபோது, விழுவதும் எலும்பு முறிவதும் குறைவதற்குப் பதில் கூடின. 2010-இல் வந்த அந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. நம் நாட்டில் 6 லட்சம் யூனிட் ஊசியைப் பல தடவை போட்டுக்கொண்டு கால்சியம் ஏறி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றிக் காஷ்மீர் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வாரம் ஒன்று என்ற மாத்திரையைத் தினம் ஒன்று என்று விழுங்கியவர்களும் உண்டு.

ஆய்வில் இருந்த பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்து அளந்து பார்க்க ஒரு குழுவே இருந்தது. கடையில் கேட்டு வாங்கும் ஒருவருக்கு அது கிடையாது. ஆகவே எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மருந்து எடுக்கும் இளைஞர்களும் அவர்களைப் பெற்றவர்களும், வளர்ப்பவர்களும், 60,000 யூனிட் மாத்திரையைத் தாமாகத் தொடங்க வேண்டாம். காசநோயின் அறிகுறிகளான இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு இருந்தால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். கடைகளில் வைட்டமின் டி பெரும்பாலும் கால்சியத்தோடு சேர்ந்தே வருகிறது. டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து உள்ள மாத்திரையை வெறும் வயிற்றில் கால்சியத்தோடு போட்டால் அந்த மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம். இல்லையென்றால் டோலுடெக்ராவிரைக் கால்சியத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவோ ஆறு மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும்.