'தலைசிறந்த திரைப்படம்' எனும் வினாவும் அழிந்த படங்களும்: வேலூர் ஆர். நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' படத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உலகில் இதுவரை எடுக்கப்பட்ட திரைப்படங்களுள் தலைசிறந்தது எது என்னும் வினா, திறனாய்வாளர் வாக்கெடுப்புகள் வழியாகப் பல்லாண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகிறது. இவ்வினாவுக்குத் தரப்படும் விடைகள் படைப்பின் தரத்தை மட்டுமன்றி, படச்சுருள் எஞ்சியிருத்தல், காணக்கிடைத்தல், வாக்களிப்போரின் தொகை ஆகியவற்றையும் சார்ந்தே அமைகின்றன. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வத'த்தின் இழப்பை இக்கட்டுரை இந்நோக்கில் ஆராய்கிறது. அழிந்த நூல்களைத் தமிழ் இலக்கிய மரபு கையாண்ட முறை, அழிந்த படங்களை அணுகுவதற்கு ஒரு முன்மாதிரியாக அமையும் என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மௌனப் படம், தரவரிசை, கீசக வதம், நடராஜ முதலியார், வேலூர், தோல் தொழில், ஆவணக் காப்பகம்.

முன்னுரை

ஒரு கலைவடிவத்தின் தலைசிறந்த படைப்பைத் தெரிவுசெய்ய வேண்டுமாயின், அக்கலைவடிவத்தில் தோன்றிய படைப்புகள் யாவும் மதிப்பிடுவோர் முன் இருத்தல் வேண்டும். இலக்கியத்திலும் சிற்பத்திலும் இந்நிபந்தனை முழுமையாக நிறைவேறுவதில்லை. திரைப்படத்தில் நிலைமை இன்னும் கடினமானது. தோன்றி ஏறத்தாழ 130 ஆண்டுகளே ஆன இக்கலையில், தொடக்ககாலப் படைப்புகளின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. தென்னிந்திய மௌனப் படங்களுள் இன்று எஞ்சியிருப்பதாகப் பெரிதும் சுட்டப்படுவது 1933ஆம் ஆண்டின் 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே. எனவே, 'இதுவரை எடுக்கப்பட்டவற்றுள்' என்னும் தொடர் தன் பொருளில் 'இதுவரை எஞ்சியவற்றுள்' என்பதாகவே நிற்கிறது. இவ்விரு தொடர்களுக்கும் இடையிலான இடைவெளியே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

1. வாக்கெடுப்புகளின் இயல்பு

இவ்வகை விவாதங்களுள் மிகுந்த மதிப்புடையதாகக் கருதப்படுவது, பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பாகும். 1952இல் நடந்த முதல் வாக்கெடுப்பில் விட்டோரியோ டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' முதலிடம் பெற்றது. அப்படம் வெளிவந்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1962 முதல் 2002 வரை நடந்த ஐந்து வாக்கெடுப்புகளிலும் ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' (1941) முதலிடத்தில் இருந்தது. 2012இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வும், 2022இல் ஷந்தால் ஆகெர்மானின் 'ழான் தியெல்மான்' படமும் அவ்விடத்தைப் பெற்றன.

இவ்விடைகள் மாறியதற்குச் சுவைமாற்றம் மட்டும் காரணமன்று. 1952இல் வாக்களித்த திறனாய்வாளர் 63 பேர். 2012இல் 846 பேர். 2022இல் 1,639 பேர். வாக்களிப்போர் வட்டம் விரிந்தபோது விடையும் மாறியது. ஒரு பெண் இயக்குநரின் படம் முதலிடம் பெற எழுபது ஆண்டுகள் ஆயின என்பதையும் இவ்விரிவோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

தமிழ்த் திரைப்படம் உலகப் பட்டியலில் இடம்பெற்ற நிகழ்வாக அடிக்கடி சுட்டப்படுவது, 'டைம்' இதழ் 2005இல் வெளியிட்ட நூறு சிறந்த படங்களின் பட்டியலில் மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) சேர்க்கப்பட்டமையாகும். ஆயின் அப்பட்டியல் ரிச்சர்ட் கார்லிஸ், ரிச்சர்ட் ஷிக்கல் ஆகிய இரு திறனாய்வாளர்களால் தொகுக்கப்பட்டது. அதில் தரவரிசை எண்களும் இல்லை. இருவரின் தெரிவும் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் தெரிவும் 'உலகின் சிறந்த படங்கள்' என்னும் ஒரே பெயரால் வழங்கப்படுவது, இவ்வினாவின் அளவுகோல் எத்துணை நெகிழ்வானது என்பதற்குச் சான்றாகும்.

2. காணக்கிடைத்தலும் மதிப்பும்

'சிட்டிசன் கேன்' 1952ஆம் ஆண்டின் முதல் பத்து இடங்களுள் இடம்பெறவில்லை. 1956இல் அமெரிக்காவில் அது மீண்டும் திரையிடப்பட்டது. தொலைக்காட்சி வழியாகவும் புதிய பார்வையாளரை அடைந்தது. அதன் பின்னரே, 1962இல், முதலிடம் பெற்றது. படம் மாறவில்லை, அதனைக் காணும் வாய்ப்பு மாறியது.

காரல் டிரையரின் 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' (1928) இதனினும் தெளிவான சான்று. அதன் மூல எதிர்ச்சுருள் தீயில் அழிந்தது. அதன் பின்னர் நெடுங்காலம் குறைபாடுடைய வடிவங்களே காட்டப்பட்டு வந்தன. 1981இல் நார்வே நாட்டு மனநல மருத்துவமனை ஒன்றில் மூல வடிவத்தின் படி கண்டெடுக்கப்பட்டது. இன்று அப்படத்தைப் பற்றி நிகழும் மதிப்பீடுகள் பெரும்பாலும் அக்கண்டெடுப்பையே அடித்தளமாகக் கொண்டவை.

இந்தியச் சூழலில் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) குறிப்பிடத்தக்கது. 1993இல் இலண்டன் ஆய்வகம் ஒன்றில் நேர்ந்த தீவிபத்தில் அதன் மூலச்சுருள் கடுமையாகச் சிதைந்தது. கருகிய சுருள்களிலிருந்தும் பிற படிகளிலிருந்தும் மீட்டமைக்கப்பட்ட வடிவம் 2015இல் திரையிடப்பட்டது. இம்மீட்டமைப்புக்குப் பெரும் நிறுவனங்களின் உழைப்பும் பொருளும் தேவைப்பட்டன. முன்பே புகழ்பெற்ற படத்துக்கே இத்தகைய மீட்பு வாய்க்கிறது என்பது இங்குக் கருதத்தக்கது. புகழ் மீட்பைத் தருகிறது. மீட்பு மேலும் புகழைத் தருகிறது. இச்சுழற்சியின் வெளியே நிற்கும் படங்கள் பட்டியலுக்குள் நுழைவதற்கான வழி மிகக் குறுகியது.

3. வேலூரிலிருந்து ஒரு தொடக்கம்

இச்சுழற்சியின் வெளியே நிற்பவற்றுள் தமிழுக்கு மிக நெருக்கமானது 'கீசக வதம்'. அதனை உருவாக்கிய ஆர். நடராஜ முதலியார் 1885இல் வேலூரில் பிறந்தவர். சென்னைக்குச் சென்று மிதிவண்டி வணிகத்திலும், பின்னர் மோட்டார் உதிரிப் பாகங்கள் வணிகத்திலும் ஈடுபட்டார். தாதாசாகேப் பால்கேயின் படங்கள் அவருக்குத் திரைப்பட ஆர்வத்தை ஊட்டின. புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கருவியை இயக்கும் முறையைக் கற்றார். 'இந்தியா ஃபிலிம் கம்பெனி'யைத் தொடங்கி, சென்னை மில்லர்ஸ் சாலையில் படப்பிடிப்புக் கூடம் அமைத்தார்.

மகாபாரத விராட பருவத்தின் கதைப்பகுதியைக் கொண்ட 'கீசக வதம்' 1917-18 காலப்பகுதியில் உருவாகி வெளிவந்தது. தயாரிப்பு, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவற்றை நடராஜ முதலியாரே மேற்கொண்டார். ஏறத்தாழ 6,000 அடி நீளமுடைய அப்படத்துக்கு ரூ. 35,000 செலவானதாகவும், ரூ. 50,000 வருவாய் கிடைத்ததாகவும் திரைப்பட வரலாறுகள் குறிப்பிடுகின்றன. விளக்க எழுத்துகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இடம்பெற்றன. தொடர்ந்து 'திரௌபதி வஸ்திராபகரணம்', 'லவ குசா' முதலிய படங்களை அவர் எடுத்தார். படப்பிடிப்புக் கூடத் தீவிபத்தும் மகனின் மறைவும் அவரைத் திரைத்துறையிலிருந்து விலகச் செய்தன. அவருடைய படங்களுள் ஒன்றும் இன்று கிடைக்கவில்லை.

ஆகவே, 'கீசக வதம்' சிறந்த படமா என்னும் வினாவுக்கு விடை கூற எவராலும் இயலாது. 'முதல்' என்பது காலத்தைக் குறிக்கும் சொல். 'சிறந்தது' என்பது மதிப்பைக் குறிக்கும் சொல். முதன்மை கருதி அதனைச் சிறந்த படம் எனக் கூறுவது பிழையாகும். அவ்வாறே, பட்டியலில் இல்லாமை கருதி அது சிறந்ததன்று எனக் கொள்வதும் பிழையாகும்.

4. படச்சுருளும் தோலும்

படங்கள் அழிந்தமைக்கான காரணங்கள் பொருளியற்பியல் சார்ந்தவை. வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனத் தொடரும் தோல் தொழில் வட்டாரத்தின் நடைமுறை அறிவு இவற்றைப் புரிந்துகொள்ளத் துணைபுரியும்.

படச்சுருள் இரு அடுக்குகளால் ஆனது. ஒன்று, தாங்கும் அடிப்படலம். மற்றொன்று, வெள்ளி உப்புகளை ஏந்தும் ஜெலட்டின் படலம். ஜெலட்டின் என்பது விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்திலிருந்து பெறப்படுவது. மரவேலையில் பயன்படும் வச்சிரப் பசைக்கு நெருங்கிய உறவுடையது. பதனிடும் தொழிற்சாலைகளில் கழிக்கப்படும் தோல் துண்டுகள் இவ்விரண்டுக்கும் மூலப்பொருளாகின்றன. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 1930இல் தனக்கெனக் கையகப்படுத்திய ஜெலட்டின் தொழிற்சாலை, அமெரிக்காவில் தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற பீபடி நகரில் அமைந்திருந்தது தற்செயலன்று.

பதனிடாத தோல் ஈரத்தில் அழுகும். ஆவாரம்பட்டையோ குரோமிய உப்போ கொலாஜன் இழைகளைப் பிணைத்து அவ்வழுகலைத் தடுக்கிறது. படச்சுருளின் ஜெலட்டினையும் குரோம் படிகாரம் போன்றவற்றால் இறுக்கமாக்குவர். எனினும் வேதிக் கரைசல்கள் ஊடுருவ வேண்டியிருப்பதால் அதனைத் தோல் அளவுக்கு முழுமையாகப் பதனிட இயலாது. ஆகவே வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் பூஞ்சை அதனை உணவாக்கிக் கொள்கிறது. அடிப்படலமோ, 1950களின் தொடக்கம் வரை பெரிதும் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டாக இருந்தது. காலப்போக்கில் தானே சிதைந்து பொடியாகும் இயல்பும் அதற்கு உண்டு. ஓடி முடிந்த படங்களின் சுருள்கள், அவற்றிலிருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டதும் உண்டு.

இந்தியாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் 1964இல் தான் தொடங்கப்பட்டது. 'கீசக வதம்' வெளிவந்து அப்போது நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. காக்கும் நிறுவனம் தோன்றுமுன் காக்கப்பட வேண்டிய பொருள் அழிந்துவிட்டது. இதில் படைப்பின் தரத்துக்கு எவ்விதப் பங்கும் இல்லை.

5. தமிழ் இலக்கிய மரபு காட்டும் வழி

எஞ்சியவற்றைக் கொண்டே சிறந்தவற்றைத் தீர்மானிக்கும் சிக்கல் தமிழாய்வுக்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தார். இப்பதிப்புகளுக்கு முன்னர்த் தமிழின் தலைசிறந்த நூல் எது என விவாதித்த கற்றோருள் பலர், இந்நூல்களை முழுமையாகக் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஏடுகள் கிடைத்தபின் தமிழிலக்கிய மதிப்பீட்டின் வரைபடமே மாறியது.

இதனினும் பொருத்தமான சான்று ஐம்பெருங்காப்பியம் என்னும் தொகுதியாகும். வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. உரைகளிலும் தொகைநூல்களிலும் எடுத்தாளப்பட்ட சில பாடல்களே எஞ்சியுள்ளன. எனினும் தமிழ் மரபு அவற்றை நீக்கி 'முப்பெருங்காப்பியம்' எனத் தொகையைச் சுருக்கவில்லை. அழிந்த இரண்டின் பெயர்களையும் அவற்றுக்குரிய இடத்திலேயே வைத்து, இழப்பை ஒவ்வொரு தலைமுறைக்கும் நினைவூட்டி வருகிறது.

இவ்வொப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. வளையாபதிக்கும் குண்டலகேசிக்கும் அவ்விடத்தை அளித்தோர் அந்நூல்களை அறிந்தோர். எஞ்சிய பாடல்களும் அவற்றின் தரத்துக்கு ஓரளவு சான்று பகர்கின்றன. 'கீசக வத'த்துக்கு அத்தகைய சான்று இல்லை. எனவே அதற்குத் தரவரிசையில் இடம் கோருவது முறையாகாது. கோரத்தக்கது வேறொன்று: தமிழ்த் திரைப்படத் தெரிவுப் பட்டியல் எதுவாயினும், அது எஞ்சிய படங்களை மட்டும் கருதியது என்பதை வெளிப்படக் கூறுதலும், அழிந்தனவாக அறியப்பட்டவற்றின் பெயர்களை உடன் அளித்தலும் ஆகும். உரையாசிரியர்கள் தாம் கண்ட நூல்களிலிருந்து மேற்கோள் காட்டியமையால் சில பாடல்கள் பிழைத்தன. அதுபோல, அக்காலச் செய்தித்தாள் விளம்பரங்கள், துண்டறிக்கைகள், தணிக்கைக் குறிப்புகள், நேர்காணல்கள் ஆகியவற்றைத் திரட்டுதல் அழிந்த படத்தின் வடிவத்தை ஓரளவு மீட்கும். சு. தியடோர் பாஸ்கரன் போன்ற ஆய்வாளர்கள் இவ்வழியிலேயே மௌனப் படக் காலத்தை வரலாறாக்கினர்.

முடிவுரை

தலைசிறந்த திரைப்படம் எது என்னும் விவாதம் பயனற்றதன்று. அது மறந்த படங்களைத் தேடச் செய்கிறது. அளவுகோல்களை வெளிப்படுத்தச் செய்கிறது. ஆயின் அதன் விடைகள் மூன்று வடிகட்டிகளைக் கடந்து வருபவை: சுருள் எஞ்சியிருத்தல், மக்கள் காணக் கிடைத்தல், வாக்களிப்போர் அறிந்திருத்தல். இவற்றுள் முதலாவதைக் கடக்காத படம், தன் தரம் எதுவாயினும் விவாதத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

வேலூர் மண்ணில் பிறந்த ஒருவரின் கையில் தென்னிந்தியக் கதைப்படம் தொடங்கியது. அவ்வட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் நடராஜ முதலியார் தொடர்பான அச்சு ஆவணங்களையும் வாய்மொழிச் செய்திகளையும், பழைய திரையரங்குகளின் எஞ்சிய பதிவேடுகளையும் தொகுத்தல் உடனடியாகச் செய்யத்தக்க பணியாகும். காகிதமும் நினைவும் படச்சுருளைப் போலவே அழியக்கூடியவை. படத்தை இழந்த பின்னர், படத்தைப் பற்றிய செய்தியையும் இழந்தால், வளையாபதிக்குக் கிடைத்த அளவு இடமும் 'கீசக வத'த்துக்குக் கிடையாமற் போகும்.