இடுப்புல ஒரு அச்சகம்!

தாம்பரம் வெஸ்ட், சண்முகம் ரோடு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே யார் காலையும் மிதிக்காமல் நடந்துவிட்டால் உங்களுக்கு அன்றைக்கு ராசி பலன் சூப்பர் என்று அர்த்தம். காய்கறி, பூ, நைட்டி, எவர்சில்வர் பாத்திரம்... இதற்கு நடுவில் வீட்டில் அரைத்த சாம்பார் பொடி, பருப்புப் பொடி பாக்கெட்டுகளும் கண்ணில் படும். பாக்கெட்டின் மேல் ஒரு குட்டி வெள்ளை லேபிள். எத்தனை கிராம், என்ன விலை, என்றைக்குப் போட்டது. அத்தனையும் இங்கிலீஷில்! வாங்குகிற பாட்டிக்கு இங்கிலீஷ் வராது. அரைத்துக் கொடுத்த அக்காவுக்கும் அரைகுறைதான். அப்புறம் யாருக்காக சாமி அந்த லேபிள்?

"அது கவர்மென்ட் ரூல்ஸுப்பா" என்பார்கள். பாதி நிஜம். 2011ல் நடைமுறைக்கு வந்த சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள்படி, தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு எல்லாம் பாக்கெட் மேல் இருந்தாக வேண்டும். அதை இங்கிலீஷிலோ இந்தியிலோ போட வேண்டும். சாப்பிடும் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க நம்பரும் வேண்டும். ஆனால் அதே விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது. இங்கிலீஷ் போட்டது போக, கூடுதலாக வேறு எந்த மொழியிலும் போட்டுக்கொள்ளலாம். தமிழுக்குத் தடையே இல்லை!

அப்போ தடை எங்கே? அந்தத் தம்மாத்துண்டு பிரின்டரில்தான்.

பெட்டிக்குள்ளே என்ன?

பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும் சைஸ், ஒரு பேட்டரி, ப்ளூடூத். கூரியர் பையனிடம் பார்த்திருப்பீர்கள். பஸ் கண்டக்டர் கையில் இருக்கும் டிக்கெட் மெஷினுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. உள்ளே இங்க் கிடையாது, ரிப்பன் கிடையாது. சூடாகும் புள்ளிகள் வரிசையாக உள்ள ஒரு தலை. சூடு பட்டால் கறுப்பாகும் ரசாயனம் பூசிய பேப்பர். அவ்வளவுதான் மேட்டர். பெரும்பாலான மெஷின்களில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. அதாவது 50 மில்லிமீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் உயரம் உள்ள லேபிள் என்றால், பிரின்டரின் கண்ணுக்கு அது 400க்கு 200 புள்ளி உள்ள கிராஃப் ஷீட். இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை உதவும்.

கம்ப்யூட்டரில் டிரைவர் போட்டு, வேர்டில் டைப் அடித்து, பிரின்ட் கொடுக்கிற சமாச்சாரம் வீட்டு பிரின்டருக்கு ஓகே. இந்தக் குட்டிக்கு நேரடியாக உத்தரவு போடலாம். வெறும் எழுத்துகளாலான உத்தரவு. நோட்பேடில் அடித்து அனுப்பினாலே வேலை நடக்கும். இந்தக் குடும்பத்துக்குப் பெரிய தாத்தா 'எஸ்கேப்' என்கிற 27ஆம் நம்பர் குறி. 1960ல் ஐ.பி.எம்.மில் இருந்த பாப் பெமர் கொண்டுவந்த ஐடியா. "இனி வருவது எழுத்து இல்லை, கட்டளை" என்று மெஷினுக்குக் கண்ணடிக்கிற குறி அது! மளிகைக் கடையில் கர்ர்ர் கர்ர்ர் என்று பில் அடித்த டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்கள் (நம்ம சென்னைக் கம்பெனி டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸின் எம்.எஸ்.பி. வரிசை ஞாபகம் இருக்கா?) இந்த எஸ்கேப் பாஷையைத்தான் பேசின. இன்றைக்கு ஹோட்டல் பில் பிரின்டரும் அதன் பேரன் பாஷையைத்தான் பேசுகிறது.

லேபிள் பிரின்டர் உலகத்தில் இரண்டு பாஷை ரொம்பப் பிரபலம். ஒன்று ஸீப்ரா கம்பெனியின் இஸட்.பி.எல். இன்னொன்று சி.பி.சி.எல். இது காம்டெக் என்ற கம்பெனி பெல்ட் பிரின்டருக்காகவே உருவாக்கியது. 2000ல் காம்டெக்கை ஸீப்ரா வாங்கிவிட்டதால், இப்போது இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

கூரைக்குக் கீழே ஒரு குடும்பம்

இஸட்.பி.எல். உத்தரவுகள் பெரும்பாலும் ^ என்ற கூரைக் குறியில் ஆரம்பிக்கும். இங்கே நாம் உச்சரிப்பை மட்டும் தருகிறோம். நீங்கள் அடிக்கும்போது அதே எழுத்துகளை இங்கிலீஷ் கேப்பிடலில் அடியுங்கள்.

^எக்ஸ்ஏ
^பிடபிள்யூ400
^எல்எல்200
^எஃப்ஓ20,20
^ஏ0என்,28,28
^எஃப்டி (இங்கே பொருளின் பெயர்)
^எஃப்எஸ்
^எக்ஸ்இஸட்

முதல் வரி 'லேபிள் ஆரம்பம்'. கடைசி வரி 'முடிஞ்சுது, அடி'. அகலம் 400, நீளம் 200 புள்ளி. இடமிருந்து 20, மேலிருந்து 20 தள்ளி, 28 புள்ளி உயர எழுத்தில் பெயரைப் போடு. 'எஃப்எஸ்' என்றால் அந்த ஐட்டம் முடிந்தது. இவ்வளவுதாங்க! செகண்ட் இயர் சி புரோகிராமில் செமிகோலன் தேடிக் கண்ணீர் விட்டவர்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி.

சி.பி.சி.எல். வேறு ஸ்டைல். முதல் வரியே ஆச்சரியக்குறியில் தொடங்கும்: ! 0 200 200 200 1. தள்ளிப் போட வேண்டிய தூரம், இரண்டு திசையிலும் புள்ளி அடர்த்தி, லேபிள் உயரம், எத்தனை காப்பி. பிறகு 'டெக்ஸ்ட்', 'பார்கோட்' என்று ஒவ்வொன்றும் ஒரு வரி. கடைசியில் 'ஃபார்ம்', 'பிரின்ட்'. இதில் ஒரு செம வில்லங்கம் உண்டு. ஒவ்வொரு வரி முடிவிலும் 13, 10 என்ற இரண்டு குறிகளும் சேர்ந்து வர வேண்டும். பழைய டைப்ரைட்டரில் வண்டியை வலப்பக்கம் தள்ளி வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவருவது ஒன்று, தாளை ஒரு வரி மேலே ஏற்றுவது இன்னொன்று, அந்த ஜோடிதான் இது. லினக்ஸில் சாதாரணமாக என்டர் தட்டினால் 10 மட்டும்தான் போகும். பிரின்டர் கமுக்கமாக உட்கார்ந்திருக்கும். புரோகிராமில் தப்பே இல்லை, பேட்டரி ஃபுல், ப்ளூடூத் கனெக்டெட்... ஆனாலும் சத்தமே வராது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாஸ்டலில் முடியைப் பிய்த்துக்கொள்ள வைக்கிற கேஸ்!

இன்னொரு கூத்து. இஸட்.பி.எல். உத்தரவை அனுப்பினால், அதைச் செய்யாமல் கூரைக் குறியோடு அப்படியே அச்சடித்து நீட்டும். பயப்படாதீங்க. பிரின்டர் வேறு பாஷை மோடில் இருக்கிறது. ஸீப்ரா குட்டிகளில் ! யு1 செட்வார் "டிவைஸ்.லாங்வேஜஸ்" "இஸட்பிஎல்" என்று ஒரு வரி அனுப்பி பாஷையை மாற்றலாம். இந்த வரியை மட்டும் ஸ்மால் லெட்டரில் அடியுங்கள், ஆச்சரியக்குறிக்குப் பக்கத்து யு மட்டும் கேப்பிடல். கடைசியில் அந்த 13, 10 ஜோடியை மறக்காதீர்கள்.

"தம்பி, வெறும் வெள்ளையா துப்புதுப்பா!"

லேபிள் பிரின்டர் வைத்திருக்கும் எல்லாக் கடையிலும் கேட்கிற டயலாக் இது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு தம்பி..." முதலில் ரோலைப் பாருங்கள். நகத்தால் லேபிளைக் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுகிற பக்கம்தான் மருந்துப் பக்கம். கோடு விழவில்லையா? ரோல் தலைகீழாகப் போட்டிருக்கிறது, அல்லது அது ரிப்பன் பிரின்டருக்கான பேப்பர். கோடு விழுகிறது, ஆனால் ஒரு லேபிளுக்கு மூன்று லேபிள் காலியாக ஓடுகிறதா? சென்ஸாருக்கு இடைவெளி எங்கே என்று புரியவில்லை. இரண்டு லேபிளுக்கு நடுவே உள்ள சந்தைப் பார்த்துத்தான் அது எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும். ~ஜேசி என்று நெளிக் குறி போட்டு அனுப்பினால் நாலைந்து லேபிளை ஓட்டிப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும். வேறு சைஸ் ரோல் மாற்றும்போது இதைச் செய்துவிடுவது நல்லது.

கறுப்பு போதவில்லை என்றால் ~எஸ்டி. 00 முதல் 30 வரை. நம்ம ஆட்கள் நேராக 30 வைத்துவிடுவார்கள். வேண்டாம்! பார்கோடில் கோடுகள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பேட்டரியும் சீக்கிரம் காலி. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். எல்லாம் சரியானதும் ^ஜேயுஎஸ் அனுப்பி சேமித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆஃப் செய்து ஆன் செய்ததும் பல செட்டிங்குகள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

பார்கோடு பற்றி ஒரு கணக்கு. பேட்ச் நம்பர் 14 இலக்கம் என்று வைத்துக்கொள்வோம். கோட் 128 முறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் 11 கட்டம். ஆரம்பக் குறி, சரிபார்ப்புக் குறி சேர்த்தால் 16 எழுத்து, 176 கட்டம். முடிவுக் குறி 13. மொத்தம் 189. ஒரு கட்டத்துக்கு 2 புள்ளி என்றால் 378. லேபிள் 400 தானே, உள்ளே அடங்கிவிட்டதே என்று தோன்றும். ஆனால் பார்கோடின் இரண்டு பக்கமும் 10 கட்டம் வெள்ளையாக இருந்தாக வேண்டும். 40 புள்ளி கூடினால் 418! ஸ்கேனர் பீப் அடிக்காது. இதற்கு வைத்தியம் உண்டு. அதே கோட் 128ல் 'சி' வகையில் இரண்டு இலக்கத்தை ஒரே குறியாக அடக்கலாம். 14 இலக்கம் 7 குறியாகச் சுருங்கும். கூட்டிப் பாருங்கள், 112 கட்டம், 224 புள்ளி. வெள்ளை இடம் சேர்த்தாலும் 264தான். ^பிசி உத்தரவின் கடைசிக் காற்புள்ளிக்குப் பிறகு 'ஏ' போட்டால் பிரின்டரே இந்தச் சுருக்கலைப் பார்த்துக்கொள்ளும்.

கொம்பு படுத்தும் பாடு

இப்போ தமிழுக்கு வருவோம். 'கொ' என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு மூன்று துண்டு: கொம்பு, க, கால். யூனிகோடில் சேமிக்கும்போது இரண்டே குறி. முதலில் க, அப்புறம் 'ஒ'கரக் குறி. அந்தக் குறியை இரண்டாகப் பிய்த்து, ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் வேலை. மொபைலில் இது நடக்கிறது, நமக்குத் தெரிவதே இல்லை. குட்டி பிரின்டரில் அந்த மூளை பெரும்பாலும் கிடையாது. ^சிஐ28 போட்டு யூனிகோடு அனுப்பினாலும், தமிழ் எழுத்துருவையே ஏற்றினாலும், 'கொத்தமல்லி' தலை வேறு கால் வேறாக வந்து நிற்கும். சில மாடல்களில் எழுத்தைச் சேர்த்துக் காட்டும் வசதி உண்டு. ஆனால் சண்முகம் ரோட்டுக்கு வருகிற விலையில் அதை எதிர்பார்க்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், பழைய காலத்துத் தமிழ்க் குறிமுறைகள் இந்த மக்கு பிரின்டருக்குத் தோதானவை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த டாப், டாம் முறைகளில் கொம்புக்குத் தனிக் குறி. கண்ணில் தெரிகிற வரிசையிலேயே சேமிப்பு. இடமிருந்து வலம் அப்படியே அடித்துக்கொண்டு போகலாம். 2010ல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ் 16 முறை இன்னும் ஒரு படி மேலே போய் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் கொடுத்தது. ஆனால் உலகம் யூனிகோடு பக்கம் போய்விட்டது. மொபைலில் அடித்ததை டேஸுக்கு மாற்றி, அதற்கு எழுத்துரு தேடி... ஆளை விடுங்க!

சுலப வழி, படம். மொபைலையோ கம்ப்யூட்டரையோ விட்டுத் தமிழை வரையச் சொல்லுங்கள். அதற்குக் கொம்பு வைக்கத் தெரியும். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளைப் புள்ளியாக்கி பிரின்டருக்கு அனுப்புங்கள். பிரின்டருக்கு அது தமிழா, பூனைப் படமா என்றே தெரிய வேண்டாம். 8 புள்ளிக்கு ஒரு பைட். 400 புள்ளி அகலம் என்றால் ஒரு வரிசைக்கு 50 பைட். 40 புள்ளி உயரத்தில் ஒரு வரித் தமிழ், 2,000 பைட். இஸட்.பி.எல்.லில் ^ஜிஎஃப்ஏ,2000,2000,50 என்று சொல்லிவிட்டு, காற்புள்ளிக்குப் பின் புள்ளி விவரத்தை 16 அடிமான எண்களாகக் கொட்டினால் போதும். முன்னால் எங்கே வைப்பது என்று ^எஃப்ஓ, பின்னால் ^எஃப்எஸ், வழக்கம்போல். அகலத்தை 8ஆல் வகுபடாத எண்ணாக வைத்துவிட்டு, வரிசைக்கு இத்தனை பைட் என்று தப்பாகச் சொன்னால் எழுத்தெல்லாம் பைசா கோபுரம் மாதிரி சாய்ந்துகொண்டே போகும். பைத்தானில் பில்லோ வைத்துப் படம் வரைபவர்கள் 'ராக்ம்' என்ற துணை நிரலும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயும் கொம்பு இடம் மாறும். ஆண்ட்ராய்டில் இந்தத் தொல்லை இல்லை.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இருந்து வண்டலூர் தாண்டி காட்டாங்குளத்தூர் வரை ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி எத்தனை காலேஜ்! ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வருஷா வருஷம் லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டத்தையே தேய்ப்பவர்கள் ஒரு பொடி பாக்கெட் கடைக்கு இதைச் செய்து கொடுக்கலாம். பொருள் பெயர், எடை, தேதி, விலை நிரப்ப நாலு கட்டம். கீழே ஒரு பட்டன். மேலே சட்டம் கேட்கிற இங்கிலீஷ், கீழே பாட்டி கேட்கிற தமிழ். எழுத்து சைஸைக் கஞ்சத்தனமாக வைக்காதீர்கள். தேதிக்கு 32 புள்ளி, அதாவது 4 மில்லிமீட்டராவது கொடுங்கள். விலை ஏறிவிட்டது என்று பழைய விலை மேல் புது லேபிள் ஒட்டுகிற வேலைக்கு மட்டும் உங்கள் புரோகிராமைக் கொடுத்துவிடாதீர்கள். விலையைக் குறைக்கத்தான் ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலை மறையாமல்.

ஊறுகாய்க் கடை என்றால் ஒரு எச்சரிக்கை. இந்தச் சூட்டுப் பேப்பருக்கு எண்ணெயும் வெயிலும் ஆகாது. விரல் எண்ணெய் பட்டாலே எழுத்து மங்கும். மேல் பூச்சு போட்ட லேபிள் ரோல் தனியாகக் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். பாட்டிலைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

பிரின்டர் இல்லாமலே பழக ஆசையா? லேபலரி என்ற தளத்தில் இஸட்.பி.எல். உத்தரவை அடித்தால் லேபிள் எப்படி வரும் என்று படமாகக் காட்டும். கையில் தொட்டுத்தான் பார்ப்பேன் என்பவர்கள் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய்ப் பழைய கம்ப்யூட்டர் சாமான் பக்கம் அலசலாம். அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்று மாட்டும். பேரம் பேசுவதற்கு முன் ஒரு வேலை. கையோடு ஒரு துண்டு லேபிள் ரோல் கொண்டுபோய் மாட்டி, 'ஃபீட்' பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆன் செய்யுங்கள். நல்ல நிலையில் இருந்தால் தன் ஜாதகத்தையே அச்சடித்து நீட்டும். என்ன பாஷை, எவ்வளவு அகலம், கறுப்பு எவ்வளவு எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாளில் மேலிருந்து கீழாக மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று நேராக ஓடினால், லேசாகத் துடைத்துப் பார்த்து மறுபடி அடியுங்கள். அப்போதும் அதே இடத்தில் கோடு இருந்தால் தலையில் ஒரு புள்ளி செத்துவிட்டது. வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்!