படையும் எரிபொருளும்

படையின் எரிபொருளை மாற்றுவது பொறியை மாற்றுவதுபோல் எளிதன்று. 1912ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை, எண்ணெயால் மட்டுமே இயங்கும் பெரும் போர்க்கப்பல்களைக் கட்டத் துணிந்தது. வேகம் மிகும், கரி அள்ளும் உழைப்பு ஒழியும். ஆயின், நிலக்கரி தன் நாட்டு வேல்சிலேயே உண்டு. எண்ணெயோ தொலைவிலுள்ள பாரசீகத்தில். ஆதலின் 1914இல் ஆங்கில-பாரசீக எண்ணெய்க் கும்பனியின் பெரும்பங்கை அரசே வாங்கிற்று. துறைமுகங்களிற் சேமிப்பும் வேண்டியதாயிற்று. நம் திருகோணமலையில் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகள் அக்கடற்படைக்கென எழுந்தவையே. சேமித்ததைக் காப்பது அடுத்த இடர்: 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானியர் தாக்கியபோது ஒரு தாங்கி எரிந்தழிந்தது.

ஊற்று, வழி, களஞ்சியம், காவல் என்னும் நான்கும் அமையாத திட்டம் ஏட்டளவில் நின்றுவிடும். 1990களிற் பெற்றோலின்றி மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய வன்னி மக்களுக்கு இதனைப் பிறர் சொல்லித்தர வேண்டுவதில்லை.